பேரிக்காய் இல்லாத தட்டு

உயர்கலை நூற்பேரவையின் கட்டடத்துக்கு வாசல் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. கட்டியவர் பெரிய கலைஞர். கதவு கதவு மாதிரி தெரிந்தால் கொச்சை என்று, அதைச் சாம்பல் நிறச் சுவரோடு சுவராகப் பதித்து, கைப்பிடியும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். புதிதாக வருகிறவர்கள் சுவரைத் தடவிக்கொண்டே கட்டடத்தைச் சுற்றி வருவார்கள். மாடியிலிருந்து பார்க்கிற ஊழியர்கள், "பாவம், ரசனை இல்லாத ஆளு" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

நம் முன்னுரைக்காரரும் வேலைக்குச் சேர வந்த அன்று மதியம் வரை சுவரைத் தடவியவர்தான். ஆனால் பிற்பாடு அதே கதவைப் பற்றி, "நுழைய விரும்புகிறவனின் பணிவைச் சோதிக்கும் வாயில்" என்று அவரே எழுதினார். அப்படிப்பட்ட மனிதர்.

பேரவையின் வேலை புத்தகம் போடுவது. ஓவியம், சிற்பம், நாற்காலி, விளக்கு, மாளிகை என்று கண்ணுக்கு அழகான எதைப் பற்றியும் போடும். லேசாக மட்டும் போடாது. அதற்கென்றே ஓர் எடைக் குழு இருந்தது. ஒரு கையால் தூக்க முடிகிற புத்தகத்தை அந்தக் குழு, "இன்னும் கனியவில்லை" என்று திருப்பி அனுப்பிவிடும். இன்னொரு குழு, புத்தகத்தின் தொடக்கத்தில் எத்தனை வெற்றுப் பக்கங்கள் விடுவது என்று முடிவு செய்யும். அந்தக் குழுவின் கூட்டங்கள்தான் மிக நீளமானவை. ஒருமுறை விஷயம் தெரியாத ஓர் உறுப்பினர், "முதல் பக்கத்திலேயே தொடங்கிட்டா என்ன?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவரை நாற்காலிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே உட்கார நாற்காலி கிடையாது, பார்க்கத்தான்.

இந்தப் புத்தகங்களுக்கெல்லாம் முன்னுரை எழுதியது நம் ஆள். கீழே கையெழுத்து பேரவைத் தலைவருடையது. காலி அறையின் படத்தைப் பார்த்தால் நீங்களும் நானும், "என்ன, வீடு மாத்திட்டாங்களா?" என்று கேட்போம். முன்னுரைக்காரர், "மனிதன் விலகும்போதுதான் அறை மூச்சுவிடத் தொடங்குகிறது" என்று எழுதுவார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது. எழுதும்போது உடம்பு லேசாகப் புல்லரிக்கும். அது போதும் என்று வைத்துக்கொண்டார். வீட்டில் அவர் பேச்சு வேறு. "குழாய் ஒழுகுது", "என் செருப்பு எங்க?" என்பதற்கு மேல் போகாது. ஒருமுறை வாய் தவறி, "இந்தக் குழம்பில் ஒரு மௌனம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். "உப்புப் போட மறந்துட்டேன். அதை நேரா சொல்ல வேண்டியதுதானே" என்றாள் மனைவி.

அவள் தையல்காரி. கூடத்துப் பெரிய ஜன்னலோரம்தான் அவள் தையல் மெஷின். பள்ளிக்கூடச் சீருடைகள் மொத்தமாக அவளிடம் வரும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளுக்கு அந்த வெளிச்சம் இல்லாமல் ஆகாது. அந்த ஜன்னலுக்காகத்தான் இந்த வீட்டையே பிடித்தார்கள்.

முன்னுரைக்காரருக்கு மனக்குறை ஒன்றே ஒன்று. ஒரு புத்தகத்திலாவது, அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும். தலை நரைத்தது, கண்ணாடி தடித்தது, பெயர் மட்டும் வரவில்லை. படம் எடுத்தவர் பெயர் வரும், காகிதம் தந்தவர் பெயர் வரும், அட்டைக்குத் துணி தந்த ஆலையின் பெயர்கூட வரும். இவர் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அச்சகத்திலிருந்து புதுப் புத்தகம் வரும்போதெல்லாம் யாரும் பார்க்காத நேரமாக அட்டையை ஒருமுறை பார்ப்பார். தானாக முளைத்திருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த வருடம் பேரவை 'வாழும் வெளி' என்று வீடுகளைப் பற்றி ஒரு பெரிய நூலைத் தயாரித்தது. எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகும் நேரத்தில் கடைசி அத்தியாயத்து வீடு கைவிட்டுப் போயிற்று.

"என்ன ஆச்சு? இடிஞ்சு போச்சா?" என்று கேட்டார் தலைவர்.

"அதைவிட மோசம் சார். வீட்டுக்காரர் குடி வந்துட்டார்" என்றார் வடிவமைப்பாளர். தலை முதல் கால் வரை கறுப்பு உடை உடுத்துகிற இளைஞர் அவர். "சோபாவெல்லாம் போட்டுட்டாங்க. பால்கனியில துணி காயுது."

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். துக்கம் கேட்டவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. "குடியிருக்கவா வீடு கட்டறாங்க?" என்றார்.

அப்போது வடிவமைப்பாளர், தான் பிழைதிருத்தத் தாள்களைக் கொடுக்க முன்னுரைக்காரர் வீட்டுக்குப் போயிருந்ததையும், அங்கே ஒரு ஜன்னலைப் பார்த்ததையும் சொன்னார். "அந்த ஜன்னல்ல வர்ற ஒளி இருக்கே சார், அது வேற. முன்னாடி ஏதோ ஒரு இயந்திரம் மறைக்குது. அதை எடுத்துட்டா அற்புதம்."

தலைவர் முன்னுரைக்காரரைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். எதிரே இருந்தது பரிசு பெற்ற நாற்காலி, உட்கார்ந்தால் சறுக்கும். முன்னுரைக்காரர் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் கேட்டுக்கொண்டார்.

"உங்க வீட்டை ஒரு நாள் கொடுங்க. பதிலுக்கு, அட்டையில உங்க பேரைப் போடறோம்."

முன்னுரைக்காரர் நாற்காலியிலிருந்து முழுசாகச் சறுக்கிவிட்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி மெஷினை நிறுத்தவில்லை.

"ஒரு நாள்தானே?"

"ஒரே நாள். காலையில எடுத்து வச்சா சாயங்காலம் திருப்பி வச்சிடலாம்."

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள அத்தனை சட்டையும் முடிக்கணும். புள்ளைங்க வெறும் பனியனோட போய் நிக்கும், பேரு கெடறது எனக்கு."

"எனக்கும் பேருதான்மா" என்றார் முன்னுரைக்காரர். குரல் கொஞ்சம் தழுதழுத்துவிட்டது.

அவள் மெஷினை நிறுத்தி அவரைப் பார்த்தாள். இந்த மனிதர் எதையும் இப்படிக் கேட்டதில்லை. "சரி. தம்பியை வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றாள்.

தம்பி சரக்கு வண்டி ஓட்டுகிறவன். மறுநாள் காலை வந்து மெஷினை ஏற்றினான். வடிவமைப்பாளர் சுற்றிப் பார்த்து, அலமாரியும் வேண்டாம் என்றார். பிறகு குளிர்சாதனப் பெட்டி, கட்டில், காலண்டர். பிறகு சுவரில் காலண்டர் மாட்டியிருந்த ஆணி. ஆணியைப் பிடுங்கியதும் அங்கே ஓட்டை தெரிந்தது. அந்த ஓட்டை நேர்மையாக இருப்பதாகவும், அதை அப்படியே விடலாம் என்றும் வடிவமைப்பாளர் சொன்னார்.

கடைசியில் கூடத்தில் மிச்சம் இருந்தது முன்னுரைக்காரர் மட்டும்தான்.

"சார், நீங்களும் கொஞ்சம்..."

"நானுமா? ஓரமா நிக்கறேனே?"

"நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க, 'மனிதன் விலகும்போதுதான் அறை மூச்சுவிடத் தொடங்குகிறது'ன்னு. எங்களுக்குப் பாடமே அதுதான்."

நுணலும் தன் வாயால் கெடும். முன்னுரைக்காரர் தெருவுக்கு வந்தார். அறை மூச்சுவிட்டது.

காலி செய்த கூடத்தில் பேரவையின் வண்டியிலிருந்து கொண்டுவந்த ஒரு நாற்காலியையும், சின்ன மேஜையையும், மேஜைமேல் ஒரு வெள்ளைத் தட்டையும், தட்டில் ஒரே ஒரு பேரிக்காயையும் வைத்தார்கள். பேரவையின் எல்லா வீடுகளிலும் ஒரு பேரிக்காய் இருக்கும். "இங்கும் மனிதர் வாழ்கிறார் என்பதற்கு அதுவே சான்று" என்று விளக்கம் எழுதியது யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

புகைப்படக்காரர் காமிராவை நிறுத்தி, கண்ணை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினார். "ஒளி வரலை."

"பளிச்சுனு அடிக்குதே!" என்றான் தம்பி.

"இது வெயில்" என்றார் புகைப்படக்காரர்.

அன்று ஒளி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வெயில் வந்தது, மேகம் வந்தது, ஒரு தூறல் வந்தது, ஒளி மட்டும் வரவில்லை. எப்போது வரும் என்று முன்னுரைக்காரர் கேட்டதற்கு, "காத்திருத்தலே ஒளியின் முதற்பாதி, சார். நீங்க எழுதினதுதான்" என்று பதில் வந்தது. இவர் எழுதியதையெல்லாம் உண்மையிலேயே படித்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். அந்த இரண்டு பேரும் இப்போது இவர் வீட்டுக்குள் இருந்தார்கள்.

குடும்பம் சரக்கு வண்டியில் குடியேறியது. பின்கதவு இரண்டையும் திறந்துவைத்து, அந்த வெளிச்சத்தில் அவள் மெஷினை மிதித்தாள். அலமாரிக்கும் கட்டிலுக்கும் இடையில் அடுப்பை வைத்துச் சமைத்தாள். தெருவில் போகிறவர்கள், "எந்தப் பக்கம் குடி போறீங்க?" என்று விசாரித்தார்கள். "எங்க வீட்டுக்குத்தான்" என்றாள் அவள்.

தம்பிக்கு மூக்குமேல் கோபம். "மாமா, எனக்குச் சவாரி போச்சு. அக்கா கழுத்து ஒடியத் தைக்குது. உங்க பேரை நானே என் வண்டியில பின்னாடி பெருசா எழுதி வைக்கறேன். ஊரெல்லாம் பாக்கும். போதுமா?"

முன்னுரைக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும், "அது அட்டை ஆகாதே மாப்பிள்ளை" என்றார்.

இதில் நடுவே ஒரு விபரீதம் நடந்தது. ஒரு மத்தியானம் சாப்பாடு தாமதமாயிற்று. பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து நெருக்கியதால் அவள் சமைக்கவில்லை. வடிவமைப்பாளரும் புகைப்படக்காரரும் வெளியே போயிருந்தார்கள். முன்னுரைக்காரர் தன் வீட்டைத் தானே எட்டிப்பார்க்கப் போனார். திருடன் மாதிரி செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனார். பேரிக்காய் தட்டில் இருந்தது. அதைப் பற்றி அவர் எவ்வளவோ எழுதியிருக்கிறார். அதன் தனிமை, அதன் வளைவு, அதன் துறவு. கிட்டே போய்ப் பார்த்தபோது அது நன்றாகப் பழுத்திருந்தது.

அவ்வளவுதான். காம்பைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. காம்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் கூக்குரல் எழுந்தது. வடிவமைப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. பேரவைக்குத் தகவல் போய், விசாரணைக் குழு காரிலேயே வந்து இறங்கியது. முதல் சந்தேகம் தம்பிமேல் விழுந்தது.

"பேரிக்காயைத் தின்னீங்களா?"

"நான் தின்னா தட்டையும் கழுவி வச்சிருப்பேன்" என்றான் தம்பி.

குழு எலியைச் சந்தேகித்தது, பூனையைச் சந்தேகித்தது, குரங்கையும் சந்தேகித்தது. குழுவில் ஒருவர், கருத்துக் கேட்டு முன்னுரைக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன நினைக்கறீங்க?"

முன்னுரைக்காரர் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். தின்றதை ஒப்புக்கொண்டால் பெயர் போச்சு. அட்டையில் வரப்போகிற பெயரும் போச்சு. வேறு வழி இல்லாமல், கை பழகிய தொழிலையே வாய் செய்தது.

"பேரிக்காய் எங்கும் போகவில்லை" என்றார் மெதுவாக. "தட்டில் அதன் இன்மை அமர்ந்திருக்கிறது. முன்பு பேரிக்காயை மட்டும் பார்த்தோம். இப்போதுதான் தட்டையே பார்க்கிறோம்."

எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். அதில் கொஞ்சம் சாறு இருந்தது. புகைப்படக்காரர் சட்டென்று கையை உயர்த்தினார். "யாரும் அசையாதீங்க. ஒளி வந்துடுச்சு!"

காமிரா கிளிக் என்றது. வேலை முடிந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், முன்னுரைக்காரருக்கும் புல்லரித்துவிட்டது. தின்றவர் தாமே என்பதை ஒரு கணம் மறந்து, தட்டின் இன்மையைக் கண்டு அவரே உருகினார். மெஷின் வண்டியிலிருந்து இறங்கிப் பழைய ஜன்னலோரத்துக்குத் திரும்பியது. பள்ளிக்கூடம் திறந்த காலையில் கடைசிச் சட்டைக்குப் பொத்தான் தைத்து முடித்தாள் அவள். விரல் நுனிகள் வீங்கியிருந்தன. அதைப் பார்த்தபோது முன்னுரைக்காரர் என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் போய்விட்டார்.

வெளியீட்டு விழாவுக்கு மூன்று பேரும் போனார்கள். கதவைத் தம்பிதான் கண்டுபிடித்தான். காலால் சுவரை அங்கங்கே உதைத்துப் பார்த்தான். ஓரிடத்தில் திறந்துகொண்டது.

புத்தகத்தை இரண்டு பேர் தூக்கிவந்தார்கள். தலைவர் பேசினார்.

"இந்த மாபெரும் நூலை நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை. அதுதான் நான் இதற்குச் செய்கிற மரியாதை. ஏன் என்றால் படித்துவிட்ட புத்தகம் பழைய புத்தகம். எங்கள் பேரவையின் நூல்கள் எதுவுமே பழசானதில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். போன வருடம் ஒரு வாசகர், எங்கள் நூலை வாங்கிப் பாதி வரை படித்துவிட்டதாகக் கடிதம் போட்டிருந்தார். வருத்தமாக இருந்தது. அவருக்கு வேறு பிரதி அனுப்பி வைத்தோம். இந்த நூலின் சிகரம், ஒரு வெறும் தட்டு. அந்த எண்ணம் என் வழிகாட்டுதலில் உதித்தது."

கைதட்டல் வானத்தைப் பிளந்தது. கையுறை போட்ட கைகள் என்பதால் சத்தம் மட்டும் வரவில்லை. புத்தகத்தைத் தொடுகிறவர்கள் கட்டாயம் கையுறை போட வேண்டும் என்று வாசலிலேயே எல்லோருக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள்.

முன்னுரைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே போனார். அட்டை வெள்ளையாக இருந்தது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என் பேரு?"

"இருக்கு சார்!" என்றார் வடிவமைப்பாளர் உற்சாகமாக. "மை இல்லாம, எழுத்தை அப்படியே அட்டையில குழியா அழுத்தியிருக்கோம். வெள்ளை மேல வெள்ளை. கண்ணுக்குத் தெரியக் கூடாது, தடவினா தெரியும். 'பெயர் கரையும் இடத்தில்தான் படைப்பு பிறக்கிறது'ன்னு நீங்க எழுதினீங்களே. உங்களுக்குப் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்."

முன்னுரைக்காரர் தடவினார். கையுறை தடிமனானது. ஒன்றும் தெரியவில்லை. மனைவி பக்கத்தில் வந்து, "எங்கங்க உங்க பேரு?" என்று கேட்டாள்.

"கரைஞ்சிருக்கு" என்றார்.

அவள் உடனே கையுறையைக் கழற்றப் போனாள். நாலு ஊழியர்கள் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். தம்பி, "விடுக்கா, இவனுங்களோட என்ன" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். முன்னுரைக்காரர் உறையில் போட்ட ஒரு பிரதியைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் நடந்தார். வழியெல்லாம் அது தோளை அழுத்தியது. எடைக் குழு தன் கடமையைச் சரியாகச் செய்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அதைக் கூடத்து மூலையில் வைத்துவிட்டு, சுவரில் அந்த நேர்மையான ஓட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது. இவ்வளவுக்கும் யாரைத் திட்டுவது? கதவைப் புகழ்ந்தது இவர். அறையிலிருந்து மனிதனை விரட்டியது இவர். ஒளிக்குக் காத்திருக்கச் சொன்னதும், பெயரைக் கரைத்ததும் இவரே. பேரவை இவர் சொன்னபடி கேட்டதுதான் குற்றம்.

சில நாள் கழித்து ஒரு காலை, மனைவி கூடத்துத் தரையில் துணி விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். மின்விசிறிக் காற்றில் துணி ஓரம் பறந்தது. பாரம் வைக்க எதையோ தேடியவள், மூலையிலிருந்த புத்தகத்தை இழுத்து உறையை உருவித் துணிமேல் வைத்தாள். அளவு போடுகிற நீலச் சுண்ணக்கட்டி பிடித்த கை. அந்தக் கையால் புத்தகத்தை இப்படியும் அப்படியும் தள்ளினாள்.

"ஏய், கறையாகும்! கையுறை..." என்று முன்னுரைக்காரர் பதறி எழுந்தார். சொல்லி முடிக்கும் முன்பே தன் வாயில் வந்த வார்த்தையைக் கேட்டு அவருக்கே கூசியது.

"இங்க வாங்களேன்" என்றாள் அவள்.

வெள்ளை அட்டையில் நீலப்பொடி படிந்த இடத்தில் எழுத்துகள் எழுந்துகொண்டிருந்தன. அவள் விரலால் இன்னும் கொஞ்சம் பொடியைத் தேய்த்தாள். முதலில் மேலே பெரிதாக ஒரு பெயர் வந்தது. தலைவருடையது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் மனிதர் முதலிடம் பிடித்திருந்தார். அதன் கீழே, கொஞ்சம் சின்னதாக, முன்னுரைக்காரரின் பெயர் முழுசாக வந்தது.

அவர் மண்டியிட்டுக் குனிந்து படித்தார். படித்துவிட்டு மறுபடி படித்தார். புதிதாக ஒரு வாக்கியமும் தோன்றவில்லை.

"நல்லாத் தெரியுது" என்றார்.

"தெரியாம என்ன. நான் தையல் போட்ட மாதிரி தெரியுது." அவள் பெரிய கத்தரிக்கோலை எடுத்துத் தலைவர்மேல் வைத்தாள். தலைவர் மறைந்து, கீழ்ப்பெயர் மட்டும் நீலமாக நின்றது. "இது இங்கயே இருக்கட்டும். எனக்குப் பாரத்துக்கு ஆச்சு. தினமும் பொடி படியும், உங்க பேரு அழியாது."

முன்னுரைக்காரர் மூக்கை உறிஞ்சினார். "உன் கையெல்லாம் வீங்கினது என்னாலதான். அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"அது சரியாயிடுச்சு. எழுந்திருங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க." அவள் துணியை நேராக்கிக்கொண்டே சொன்னாள். "உள்ள தட்டுல பேரிக்காய் வாங்கி வச்சிருக்கேன். திருட்டுத்தனமா திங்க வேண்டாம், கேட்டே சாப்பிடுங்க."

முன்னுரைக்காரர் கல்லாகிவிட்டார். "உனக்கு எப்படி...?"

"சட்டைப்பையில காம்பு இருந்துச்சு. துவைக்கறது யாரு, உங்க தலைவரா?"

அவர் உள்ளே போய்ப் பேரிக்காயை எடுத்துக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் நின்று கடித்தார். நல்ல பழம், சாறு முழங்கை வரை வழிந்தது. தன் பெயர்மேல் ஒரு சொட்டுக்கூட விழுந்துவிடாதபடி, ரெண்டடி தள்ளி நின்று தின்றார்.